சம்மதம் என்னும் பக்கவிளைவு

வேலாயுதத்தின் உடம்பில் எல்லாம் சரியாக இருப்பதாக இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏதோ சரியில்லை என்று சிஸ்டர் ஷெர்லினுக்குத் தோன்றியது. அவர் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

பாளையங்கோட்டையில் அவரை அறிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். போக்குவரத்துக் கழக டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். தாமதமாக வந்த டிரைவர்களைத் திட்டியே குரல் தடித்துப்போனவர். ஓய்வுபெற்ற பிறகு திட்டுவதற்கு மனைவி உலகம்மாள் மட்டும்தான் கைவசம் இருந்தாள். மகள் மதிவதனி வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டதால் அவள் இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று உத்தரவு. பேத்தி பிறந்தபோது மருத்துவமனைக்குப் போன உலகம்மாளோடு அவர் பல மாதங்கள் பேசவில்லை. அது அவளுக்கு ஓய்வாக இருந்தது என்பதை அவர் கண்டுபிடித்ததும் மறுபடி பேச ஆரம்பித்தார்.

சர்க்கரை நோய் அவருடைய கால் நரம்புகளை அரித்திருந்தது. தணலில் நிற்பதுபோல் எந்நேரமும் பாதம் எரியும். பழைய மாத்திரைகள் பாதி வலிக்குத்தான் கேட்டன. ஆகவே புது மருந்து ஒன்றின் சோதனையில் சேர்ந்தார். புஜத்தில் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு பம்பு வைத்தார்கள். அது ரத்தத்தைப் பார்த்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தூக்கம், சர்க்கரை எல்லாவற்றையும் மருத்துவமனைத் திரைக்கு அனுப்பும். மணிக்கட்டில் ஒரு பட்டை இருந்தது. பம்புக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பட்டை, 'நலமா?' என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

இத்தனை இருக்கும்போது நர்ஸ் எதற்கு என்று மருத்துவமனையில் சிலர் கேட்டார்கள். பம்பில் மருந்தை நிரப்ப ஒரு கை வேண்டும், அப்படியே திரைக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் பார்த்து எழுதட்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கைதான் ஷெர்லின். மார்த்தாண்டத்துக்காரி. பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவள்.

முதல் தடவை அவள் வந்தபோது, செருப்பை எந்தப் பக்கம் கழற்றிவைக்க வேண்டும் என்பதில் தொடங்கி அவளுக்குக் கிடைத்த வசவு மறக்கக்கூடியதல்ல. இப்போது நாற்காலி.

"கால் எப்படி இருக்கு ஐயா?"

"எரிச்சலே இல்ல சிஸ்டர். உக்காருங்க. காப்பி குடிக்கீங்களா?"

"தலைசுத்தல், வாந்தி, அரிப்பு?"

"ஒரு குறையும் இல்ல."

ஷெர்லின் மருந்தை நிரப்பிவிட்டுக் கை கழுவச் சமையலறைக்குப் போனாள். உலகம்மாள் வேண்டுமென்றே பின்னால் வந்தாள்.

"சிஸ்டர், நீங்க ஒவ்வொரு தடவையும் ஏதோ எழுதுதீங்களே. இதையும் எழுதுவீங்களா?"

"எதைம்மா?"

"அவுக நல்லா இருக்கத."

"நல்லா இருந்தா எழுதுறதுல என்ன?"

"எழுதுனா நிப்பாட்டிருவாங்கள்லா." உலகம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து ரசத்துல புளி கூடிப்போச்சு. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னாக. நான் கடையநல்லூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னேன். போயிட்டு வான்னாக. எனக்குப் போவதுக்குக் காலே எழும்பல. எங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல. மதி வாரா சிஸ்டர். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாரா. வரட்டான்னு கேட்டேன், வரட்டும்னாக."

"நான் பாக்குறதை எழுதியாகணும்மா. அதுதான் என் வேலை."

"மருந்து வலிக்குக் குடுத்தது. வலி போச்சு. கூடக் கோவமும் போச்சு. இதுல யாருக்கு நட்டம்?"

ஷெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தாள். எழுதத்தான் செய்தாள். 'நோயாளியின் குணத்தில் மாற்றம். முன்பு எதற்கும் கோபப்படுவார். இப்போது எதற்கும் படுவதில்லை.'

சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் சாகுல் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். பொறுமைசாலி. எதையும் இரண்டு முறை படிப்பவர்.

"இதை எங்க போடுறதுன்னு தெரியல சிஸ்டர். பக்கவிளைவுன்னு ஒரு பகுதி இருக்கு, பலன்னு ஒரு பகுதி இருக்கு. மனநிலை முன்னேற்றம்னா அது பலன்ல வருது."

"முன்னேற்றம்னு யார் சொல்றது டாக்டர்?"

"குடும்பம் சொல்லுது. அவரும் சொல்றார். அவருக்குப் புகார் எதுவும் இல்லையே."

"அதான் எனக்கு உறுத்துது. நான் பாத்த வேலாயுதத்துக்குப் புகார் இல்லாம ஒரு மணி நேரம் இருக்க முடியாது. புதுசா ஒண்ணு வந்தாத்தான் பக்கவிளைவா? இருந்த ஒண்ணு காணாமப்போனா?"

"மத்த நோயாளிங்க வீட்டுல இருந்து யாரும் இப்படிச் சொல்லல."

"அவங்கள்லாம் முதல்லயே சாதுவா இருந்திருப்பாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. கவனித்துக்கொண்டே இருக்கும்படியும் பாதிப்பு ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லும்படியும் சொன்னார். குடும்பத்துக்கு ஒரு நல்ல காலம் கிடைத்திருக்கிறது, காரணம் இல்லாமல் அதைப் பிடுங்க வேண்டாம் என்றார். ஷெர்லினுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாரங்களில் அவள் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது. உலகம்மாள் புதுச் சேலை கட்டியிருந்தாள். வேலாயுதம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அவருடைய முதுகில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் இழுக்கக் கொடுத்தார்.

கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு நாள் ஷெர்லின் வழக்கம்போல அவரை உட்காரவைத்துப் பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். சர்க்கரைக்காரர்களின் உள்ளங்காலைப் பார்க்காமல் அவள் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை. திரைக்கு உள்ளங்கால் தெரியாது.

இரண்டு பாதங்களிலும் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. சில கொப்புளங்கள் உடைந்து தோல் தனியே தொங்கியது. அதோடுதான் அவர் எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்.

"ஐயா, இது எப்படி ஆச்சு?"

"எது?" அவர் குனிந்து பார்த்தார். அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நேத்து மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு வேன்காரன், அண்ணாச்சி, வண்டியில சரக்கு இருக்கு, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, இப்ப வாரேன்னான். பாத்துக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவன் சாப்பிட்டுட்டு வார வரைக்கும்."

"மத்தியான வெயில்ல, தார் ரோட்டுல. செருப்பு?"

"அதுக்கு முன்னாலயே ஒருத்தர் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"கையில இருக்கிற பட்டை ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. நலமான்னு ரெண்டு மூணு தடவ கேட்டுச்சு. ஆம்னு அமுக்குனேன்."

"ஏன் ஐயா?"

அவர் யோசித்தார். "கேட்டுச்சுல்லா" என்றார்.

உலகம்மாள் மோர்ச் செம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மதிவதனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஷெர்லின் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே, சாதாரணமாகப் பேசுவதுபோல் கேட்டாள்.

"இந்தப் பம்பு மருந்தை நிறுத்திரலாமா ஐயா?"

"நிறுத்திருங்க."

அவள் இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதையும் கட்டி முடித்தாள்.

"இல்ல, இன்னும் ஒரு வருசம் போடலாம்னு பாக்குறோம்."

"போடுங்க."

செம்பு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. உலகம்மாள் வந்து கணவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. மதி வந்தது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"இனிமே அவ வரவேண்டாம்னு சொல்லிரட்டா?"

"சொல்லிரு" என்றார் வேலாயுதம், அதே முகத்தோடு. பேத்தி அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவரும் கையை நீட்டினார்.

மதிவதனி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உலகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள்.

"நான் கேட்டதாலதான் சரின்னு சொல்லுதாகன்னு நெனைச்சேன் சிஸ்டர். வேன்காரன் கேட்டாலும் அதே பதிலா." எழுந்து நின்றாள். "எழுதுங்க. என்ன எழுதணுமோ எழுதுங்க."

வேலாயுதத்தை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் சாகுல் காலைப் பார்த்தார். ஷெர்லின் கேட்ட இரண்டு கேள்விகளையும் அவரே ஒருமுறை கேட்டார். அதே இரண்டு பதில்கள் வந்தன. வெளியே வந்து உலகம்மாளையும் மகளையும் உட்காரச் சொல்லி விளக்கினார்.

"அம்மா, வலிங்கறது வேற ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு உடம்பு சொல்ற செய்தி. இந்த மருந்து மூளையில அந்தச் செய்தி போற பாதையை அடைக்குது. கால் வலிக்கு மட்டும் ஒரு பாதை, மத்ததுக்கு ஒரு பாதைன்னு நாங்க நெனைச்சோம். எல்லா வேண்டாமும் ஒரே வழியாத்தான் போகுது போல."

"அப்ப நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டாள் மதிவதனி.

"அவரைக் கேக்காம நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. கேட்டா எல்லாத்துக்கும் ஒத்துக்கிடுறார். இந்தச் சோதனையில அவர் தொடருறதுக்குக் குடுத்த சம்மதமே செல்லுமான்னு எனக்கு இப்ப சந்தேகம். ஒரே வழிதான். மருந்தை இப்போதைக்கு விலக்கி, ரத்தத்துல இருந்து அது முழுசும் போற வரைக்கும் காத்திருந்து, பழைய மனுசனைக் கேக்கணும்."

"பழைய மனுசன்கிட்டயா" என்றாள் உலகம்மாள்.

டாக்டர் எழுந்தார். போகும்போது ஷெர்லினிடம் மட்டும், "இது வெளிய தெரிஞ்சா, வலியே இல்லாத ஆளுங்களுக்கும் இந்த மருந்தை வாங்க ஆள் வரும் சிஸ்டர். விடுதி நடத்துறவன், கம்பெனி நடத்துறவன், வீட்டுல மருமக இருக்கிறவன்" என்றார். அவர் குரலில் அலுப்புதான் தெரிந்தது. மற்ற நோயாளிகளின் வீடுகளுக்கும் ஆள் அனுப்பி, அதே இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லியிருந்தார்.

பம்பில் மருந்துக்குப் பதிலாக உப்புநீரை நிரப்பினாள் ஷெர்லின். குழாய் அடைத்துக்கொள்ளக்கூடாது, கண்காணிப்பு தொடர வேண்டும் என்பது விதி. பிறகு காத்திருந்தார்கள். முதலில் வேலாயுதம் தூக்கத்தில் முனகினார். அடுத்து காலை அசைக்கும்போது முகம் சுளித்தார். ஒரு காலையில் வார்டு ஆயா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்னது?"

"கஞ்சி ஐயா."

"கஞ்சியா? செவுத்துக்கு அடிக்கிற வெள்ளைன்னுல்லா நெனைச்சேன். எடுத்துட்டுப் போ. அந்த ஃபேன யாரு இவ்வளவு வேகமா வச்சது? இங்க பொறுப்புன்னு ஒருத்தனும் கெடையாதா?"

ஷெர்லின் அதைக் குறித்துக்கொண்டாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உலகம்மாளுக்கும் அந்தக் குரல் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றாள், அத்தனை வருடப் பழக்கம். பிறகு எதற்காக எழுந்தோம் என்று யோசித்தவள்போல மறுபடி உட்கார்ந்து, கையிலிருந்த ஆரஞ்சை நிதானமாக உரித்துத் தானே சாப்பிட்டாள்.

டாக்டரும் ஷெர்லினும் அவரிடம் போனபோது திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னார்.

"நடந்தது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"ஏன் இல்லாம? எல்லாம் இருக்கு. செருப்பு புதுச் செருப்பு. அந்த வேன்காரப் பயல நான் சும்மா விடப் போறதில்ல."

"மருந்து வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். வேணும்னா கால் எரியாது. ஆனா உங்க கூட எப்பவும் ஒரு ஆள் இருந்தாகணும். வேண்டாம்னா பழைய மாத்திரைதான். பாதி வலி இருக்கும்."

"வேண்டாம்" என்றார் வேலாயுதம்.

"யோசிச்சு..."

"வேண்டாம்னு சொல்லுதேன். காது கேக்கலையா?"

டாக்டர் தலையசைத்தார். இவ்வளவு தெளிவான பதில் அவருக்குச் சமீபத்தில் யாரிடமிருந்தும் கிடைத்திருக்காது. அவர் கிளம்பிய பிறகும் வேலாயுதம் ஷெர்லினைப் போகவிடவில்லை.

"ஏம்மா, இந்தப் பம்ப எப்ப எடுப்பீங்க?"

"கொஞ்ச மாசம் இருக்கும் ஐயா. உப்புத் தண்ணிதான் ஓடுது. உங்க உடம்பைக் கவனிக்கிறதுக்கு மட்டும்."

"எடுக்க அவசரம் இல்ல. இருக்கட்டும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல கேட்டா, அளவக் குறைச்சு மருந்து போகுதுன்னு சொல்லிரணும்."

"நான் பொய் சொல்லமாட்டேன் ஐயா. உங்க விசயத்தை யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். கேட்டா உங்களையே கேக்கச் சொல்லுவேன்."

"அப்ப நானே சொல்லிக்கிடுதேன்."

"எதுக்காகன்னு நான் தெரிஞ்சுக்கிடலாமா?"

அவர் கட்டுப் போட்ட பாதத்தை மெல்ல நகர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ள என் மீசையப் பிடிச்சு இழுத்துச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லா இருந்துச்சா, இல்லையா, ஒண்ணும் தெரியல. நேத்துப் படுத்துக்கிட்டு நெனைச்சேன். இப்பத்தான் தெரியுது." தொண்டையைச் செருமினார். "இனி நானா மதிய வான்னு கூப்பிட்டா, தெருவே சிரிக்கும். இத்தன வருசம் என்ன ஆட்டம் ஆடுனான், இப்பப் பாருன்னுவான். மருந்து கூப்பிடுதுன்னா எவனும் சிரிக்க மாட்டான்."

"கால் எரியுமே ஐயா. எரியாத மாதிரி இருக்கணுமே."

"என் காலு" என்றார் வேலாயுதம். "நீ போயி வேற வேலையப் பாரு."

மழைக்காலம் தொடங்கியபோது புண் ஆறியிருந்தது. ஷெர்லின் அந்த வீட்டுக்குப் போனாள். நாற்காலி எடுத்துப் போட யாரும் வரவில்லை, அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேலாயுதம் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேத்தி ஓடிவந்து அந்தக் கால்மேல் ஏறி உட்கார்ந்தது. அவருடைய கை வேட்டியைக் கொத்தாகப் பிடித்தது. நெற்றி வேர்த்தது.

"எட்டி, காலு மேல ஏறாத. மடியில வா" என்றார். குழந்தை மடிக்கு மாறியது.

"உலகு, காப்பி ஆறிப்போச்சு."

"ஆறுனா அடுப்பு அங்கதான் இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வேலாயுதத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஷெர்லின் இருப்பதைப் பார்த்தார். புஜத்தில் பம்பு இருக்கும் இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, ஆறிய காப்பியைக் குடித்தார்.

"வலி ஏதாவது இருக்கா ஐயா?" என்று கேட்டாள் ஷெர்லின்.

மதிவதனி ஜன்னலோரம் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

நோயாளி எதைச் சொல்கிறாரோ அதுதான் வலி என்று நர்ஸ் படிப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இல்லை என்கிறார் என்று எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது உலகம்மாள் வெளிக் கேட்டு வரை கூடவே வந்தாள். கேட்டைத் திறந்துவிட்டு, விடைகொடுக்காமல் நின்றாள்.

"சிஸ்டர், அவுக சட்டையத் துவைக்க எடுத்தேன். பையில அந்தப் பழைய மாத்திர இருந்துச்சு. பம்பு வைக்கதுக்கு முன்ன கால் எரிச்சலுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாகல்லா, அது. எடுத்த மாதிரியே திரும்ப வச்சிட்டேன்."

ஷெர்லின் தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க சொல்ல வேண்டாம். நானும் அவுகளக் கேக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு மட்டும் சொல்லுங்க."

நோயாளியின் விஷயத்தைத்தான் சொல்லக்கூடாது, பொதுவாக ஒரு மாத்திரையைப் பற்றி யாருக்கும் சொல்லலாம். ஷெர்லின் பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுற்றுச்சுவர்மேல் வைத்தாள்.

"சாப்பிட்ட பிறகு. பகல்ல தூக்கம் வரும், எழுப்ப வேண்டாம். கால் வீங்குதான்னு பாக்கணும்." உலகம்மாளின் முன்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். "கணுக்கால்ல இப்படி அழுத்தி எடுத்தா குழி உடனே நிரம்பணும். நிரம்பாம நின்னா எனக்குச் சொல்லுங்க. திடீர்னு மாத்திரையை நிறுத்தவும் கூடாது."

உலகம்மாள் தன் கையில் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"முக்கியமா, காலையில படுக்கையில இருந்து எந்திரிக்கும்போது தலை சுத்தும். விழுந்திருவாங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

"அவுக கூப்பிட மாட்டாகளே."

"கூப்பிட மாட்டார்."

உலகம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவர் யாரையோ எதற்கோ அதட்டுவதும் குழந்தை சிரிப்பதும் கேட்டது.

"அப்ப நான் கொஞ்சம் முன்னாலயே எந்திரிச்சு, அந்தக் கட்டில் பக்கமா நின்னு துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.